சுவருக்குச் சம்மதம்

தெருவில் எல்லோரும் அவரைக் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக வீடு இடிப்பதுதான் அவருக்குத் தொழில். ஆள் பார்க்க முரடு. வேலையில் அப்படியொரு நிதானம். அனுமதித் தாள் கைக்கு வராமல் எந்தச் சுவரிலும் சம்மட்டி வைக்கமாட்டார்.

அதற்கொரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், "சொந்த வீடுதானே, யாரு கேக்கப்போறா?" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒரு சுவரை இடித்தார். அது பக்கத்து வீட்டு அடுப்படியோடு சேர்ந்து விழுந்தது. அந்த வீட்டு அம்மா, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வாசலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். பிறகு ஒரு வாரம் கடப்பாரைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நம்ம வீட்டு ஓடு ஒண்ணு நேத்து தெருவுல விழுந்திருக்கு. பள்ளிக்கூடம் விடுற நேரம். எந்தப் பிள்ளை தலையிலயாவது விழுந்திருந்தா? நாளைக்கே மிஷினைக் கொண்டுபோய் இடிச்சுத் தள்ளிடு."

அப்பா போனபின் பதினொரு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. கூரை உள்வாங்கி, சுவர் வெடிப்பில் செடி முளைத்து, எலிகளின் ராஜ்யமாகிவிட்டது.

"அனுமதி வாங்கணும்க்கா."

"நம்ம வீட்டை நாம இடிக்க யாருடா அனுமதி குடுக்கிறது? ஊருக்கெல்லாம் இடிக்கிறவன் நீ. உனக்கே அனுமதியா?"

"தனியா நிக்கிற வீடுன்னா எழுதிக் குடுத்துட்டு ஆரம்பிச்சிடலாம். நம்ம வீடு டிரைவர் வீட்டோட ஒட்டிக்கிட்டு நிக்குதே. பக்கத்துக்காரர் கையெழுத்தும் வேணும்."

பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்கும் அப்பாவுக்கும், ஒரு ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று தொடங்கிய சண்டை கடைசிவரை தீரவில்லை.

"அப்பா செத்தப்ப அந்த ஆளு எட்டிப் பார்த்தாரா? அவர்கிட்டப் போய் நிப்பியா?"

"பதறாதக்கா. முதல்ல ஓட்டை இறக்கிடுறேன்."

அன்றைக்கே நகராட்சியில் கேட்டுக்கொண்டு, தெருப்பக்கம் தளர்ந்திருந்த ஓடுகளைக் கையால் இறக்கினார். வாசலை மறித்துக் கயிறு கட்டினார். மறுநாள் விண்ணப்பத்தோடு அலுவலகத்தில் போய் நின்றார்.

கட்டடப் பிரிவில் இருந்த அம்மா இரண்டு வீட்டுப் பழைய கோப்புகளையும் தூசி தட்டி எடுத்தார். டிரைவர் வீட்டுக் கோப்பைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல உங்க அப்பா எழுதின கடிதம் இருக்கே, பாத்திருக்கீங்களா?"

அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. சண்டைக்குப் பல வருடம் முந்தைய தேதி. 'பக்கத்து வீட்டார் மாடியில் அறை கட்டும்போது உத்திரத்தை என் சுவரின் மேல் ஏற்றிக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம். அவர்கள் வீட்டில் குழந்தை பிறக்க இருக்கிறது. இதற்காக நான் எதுவும் கேட்கப்போவதில்லை.'

அக்கா சொன்னபடி மறுநாளே மிஷினை விட்டிருந்தால், அந்த மாடி அறையே சரிந்திருக்கும்.

கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு தடவை படித்தாள்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அப்பா."

"சொல்லணும்னு தோணியிருக்காது."

"இல்லடா. அவ்வளவு சண்டையில என்னென்னமோ கத்தினாரு. ஆனா 'என் சுவத்துல இருந்து உன் உத்திரத்தை எடு'ன்னு ஒருநாளும் கேக்கலை, பாத்தியா? கேட்டிருந்தா அந்த மனுஷன் என்ன பண்ணியிருப்பாரு?"

தொழிலில் ஊறிய கடப்பாரைக்கே அது தோன்றியிருக்கவில்லை. அப்பாவைக் கோபக்காரர் என்று மட்டுமே இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

சாயங்காலம் இருவருமாகப் போய் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மனிதர் மிகவும் மெலிந்திருந்தார். கடிதத்தைப் படிக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தே தலையாட்டினார்.

"உங்க அப்பா தவறினப்போ உங்க வாசல் வரைக்கும் வந்தேன். நீ அழுதுக்கிட்டே என்னை ஒரு பார்வை பார்த்தேம்மா. காலு உள்ள வரலை, திரும்பிட்டேன்."

அக்கா தலைகுனிந்தாள். "எனக்கு ஞாபகமே இல்லைண்ணே," என்றாள். அவள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று. அவர் பேனாவைத் தேடப் போனார்.

மூன்று வாரத்தில் பொறியாளர் வந்து பார்த்தபின், அந்த ஒரு சுவரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. மிஷினைக் கடப்பாரை கொண்டுவரவே இல்லை. உத்திரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, நான்கு ஆட்களோடு ஒன்பது நாள் கையாலேயே இடித்தார். செங்கல் செங்கலாகக் கழற்றுவதை அக்கா எதிர்ப்புறம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் மாடியிலிருந்து பார்த்தார்.

ஒன்பதாம் நாள் மண்ணெல்லாம் அள்ளியபின் அந்தச் சுவர் மட்டும் டிரைவர் வீட்டோடு ஒட்டி நின்றது. படுக்கையறையின் நீலமும் கூடத்தின் மஞ்சளும் அதில் பாதிப் பாதியாகத் தெரிந்தன.

"இப்படியே விட்டுடட்டுமாக்கா? கொஞ்ச நாளைக்காவது பாத்துக்கிட்டு இருக்கலாம்," என்றார் கடப்பாரை.

அக்கா சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வேண்டாம், முழுக்கப் பூசிடு. மழை வந்தா அவரு வீட்டுக்குள்ள ஈரம் இறங்கும்," என்றாள்.