இரண்டாவது பட்டம்

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட்டே ஆக வேண்டும். பெண்ணின் படிப்பு மாப்பிள்ளையின் படிப்பைவிட ஓர் எழுத்துகூட நீளக் கூடாது. நான் அருப்புக்கோட்டையில் கல்லூரி சேர்ந்த எண்பதுகளின் கடைசியிலும் அப்படித்தான்.

அப்பாவின் அக்காவுக்குப் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. அந்த அத்தை மகனுக்குத்தான் நான் என்பது சின்ன வயதிலேயே முடிவான பேச்சு. மச்சான் பி.ஏ. ஒரே ஒரு பி.ஏ.

என் அம்மா கல்யாணத்துக்கு முன் ரெட்டியபட்டியில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர். அத்தை வீட்டு விசேஷத்தில் ஒருமுறை முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். “காட்டுல தின்னு பழகினவளுக்கு முதப் பந்தி கேக்குதோ” என்று அத்தை சபை நடுவே எழுப்பிவிட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அம்மாவோடு எழுந்துவிட்டேன்.

கல்லூரியில் இரண்டு வழி இருந்தது. கணக்கும் பொருளாதாரமும் சேர்ந்த டபுள் மேஜர் எடுத்தால் பாடம் இரண்டு, பட்டம் ஒன்று. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, அப்புறம் தபாலில் ஒரு வருஷம் பொருளாதாரம் படித்தால் பி.ஏ.வும் கிடைக்கும். அத்தை இதையெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

“ஏத்தா, டபுள் மேஜரே எடு. எம்புட்டுப் படிச்சாலும் பட்டம் ஒண்ணுதான? எம் மகனுக்குச் சரியா இருக்கும்.”

அதுவரை எனக்கும் டபுள் மேஜர்தான் ஆசை. “சரிங்கத்தை” என்று தலையாட்டிவிட்டு, கணக்கில் மட்டும் சேர்ந்தேன். பிறகு தபாலில் வந்த பொருளாதாரம் சுத்த அறுவை. தூக்கம் வந்தால் அந்தப் பந்தியை நினைத்துக்கொள்வேன், தூக்கம் ஓடிவிடும். கணக்கும் பொருளாதாரமும் படிக்கிறாள் என்றுதான் அத்தைக்குத் தெரியும். அது பொய்யுமில்லை.

நாள் குறிக்க அத்தை வந்தபோது, பத்திரிகையில் என்ன போடலாம் என்று பேச்சு வந்தது. இரண்டு பட்டத்தையும் சொன்னேன். அத்தை முகம் கறுத்துவிட்டது.

“ஒண்ண விட்டுட்டு அடிச்சா என்னத்தா?”

“ரெண்டும் போடணும் அத்தை. இல்லாட்டி எனக்குக் கல்யாணம் வேணாம்.”

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். கடைசியில் அத்தை அம்மாவிடம் திரும்பி, “நீயாச்சும் சொல்லுத்தா” என்று கெஞ்சினார்.

“ரெண்டும் படிச்சிருக்கால்ல மதினி, போட வேண்டியதுதான” என்றார் அம்மா.

அத்தை எழுந்து போய்விட்டார். சம்பந்தம் அன்றோடு முடிந்தது.

மச்சான் ஒரு பாவமும் அறியாதவர். எனக்கு அவரைப் பிடிக்கும். வெகுகாலம் வேறு பெண்ணே வேண்டாம் என்றிருந்தாராம். இப்படியாகும் என்று தெரிந்துதான் செய்தேன். அத்தைக்கு வலிக்கிற இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.