மூன்று பேரைக் கேட்டு எழுதிய சொல்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் அகராதி என்று பெயர். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். முன்னறையில் ஒரு மேசை, ஒரு முத்திரை, எந்நேரமும் காணாமல் போகும் ஒரு பேனா. ஆனால் அகராதியை மட்டும் நம்பமாட்டாள். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மூன்று பேரையாவது விசாரிப்பாள். அடுப்பில் வைத்தது தீய்ந்தாலும் போனை வைக்கமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டுப் பள்ளியொன்றில் விடுதிக் காப்பாளராக இருந்து போன வாரம் திரும்பியவள். கையில் பள்ளி முதல்வர் ஸ்பானிஷில் எழுதிய கடிதம். விடுதியில் 'லிபெர்டினாஹே'வுக்கு இடம் கொடுத்ததால் வேலையிலிருந்து நீக்குகிறோம் என்றிருந்தது. கணவர் அந்தச் சொல்லைப் போனில் போட்டுப் பார்த்தாராம். ஒழுக்கக்கேடு என்று வந்ததாம்.

"மூணு நாளா முகம் குடுத்துப் பேசலக்கா. அதுல என்ன இருந்தாலும் சரி, முத்திரை போட்டு எழுதிக் குடுங்க."

"அப்படி என்னதாம்மா செஞ்சே?" என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை படிக்கிற நேரத்துல பொண்ணுங்க பாட்டுப் போட்டு ஆடுச்சுங்க. விட்டுட்டேன். நானும் கொஞ்சம் ஆடினேன்."

நாத்தனார் போனை எடுத்து, ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மூன்று பேரை வரிசையாக அழைத்தாள். பத்து மணிக்கு மேல் வீடு திரும்பினால் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லித்தான் திட்டுவார் என்றார் பேக்கரிக்காரர். சுதந்திரம் வேறு, அது வேறு என்று வகுப்பில் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியது என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை; பையன்கள் மேசைமேல் கால் போட்டாலே போதுமாம். கப்பலில் சமைத்தவரோ குடி, கூத்து, கண்ட சகவாசம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான் என்று குண்டைத் தூக்கிப் போட்டார்.

எனக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. "அப்போ எதைத்தான் எழுதுவே?"

"எழுதினவரையே கேட்டுடலாம் அண்ணி."

முதல்வர் சிடுசிடுப்பாகத்தான் பேசினார். அவள் நடத்தையில் குறையா என்று கேட்டதும் பதறிவிட்டார். சேச்சே, நல்ல பெண்மணி, பிள்ளைகளுக்குத்தான் அளவில்லாமல் இடம் கொடுத்துவிட்டாள் என்றார். நாத்தனார் 'கட்டுமீறிய சுதந்திரம்' என்று எழுதி, முதல்வர் சொன்னதை அடிக்குறிப்பாகச் சேர்த்து, முத்திரை குத்தினாள்.

மாலையில் அந்தப் பெண்ணின் கணவர் வந்து படித்தார். முகம் தெளிந்துவிட்டது.

"இவ்வளவுதானா? நான் என்னமோன்னு நினைச்சுட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"முன்னப்பின்ன தெரியாத எனக்காக இந்தக்கா நாலு பேருக்குப் போன் போட்டாங்க. நீங்க பக்கத்துலயே படுத்திருந்த என்கிட்ட ஒரு தடவ கேக்கல."