பாம்புக்காது வாங்கி வந்த பான்ஜோ உகுலேலே

என் அக்கா வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வேலையிடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, பாம்புக்காது என்பார்கள். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பார். "பேரிங் போகப் போகுது. இன்னும் கத்தல, முனகுது," என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

வேலை கிடைத்து நகரத்துக்கு வந்ததிலிருந்து நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கே அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மாமாவுக்கு என்னைவிட அதிகம். அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் படத்தை டிவிக்கு மேலே மாட்டியவர் அவர்தான். எங்கிருந்தாவது ஒரு காகிதம் வந்தால் போதும். "பட்டதாரி மாப்ள, படிச்சுச் சொல்லு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு." அந்தச் 'சத்தமா' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை, பழைய சாமான் கடையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய எதையோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அக்கா பிரித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, வாணலிக்குக் கழுத்து முளைச்ச மாதிரி?"

"பான்ஜோ உகுலேலே."

"பாத்துங்க, வாய் சுளுக்கிக்கப் போகுது."

"கடைக்காரன் வாங்காதீங்கன்னுதான் சொன்னான். ஆளு சின்னதா இருக்கு, தோலை மாத்திட்டா போடுற சத்தத்துல அக்கம்பக்கமெல்லாம் சண்டைக்கு வந்துரும்னான்."

"அப்புறம்?"

"அதான் வாங்கிட்டேன்."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சாப்பாட்டுத் தட்டில்கூடத் தாளம் தட்டாத மனிதர் அவர்.

வட்டமான மரச்சட்டம், அதன்மேல் மேளம்போல் இழுத்துக் கட்டிய தோல், நீளக் கழுத்து, நான்கு தந்திகள்: அவ்வளவுதான் அந்தக் கருவி. எவ்வளவு காலம் எந்தப் பரணில் கிடந்ததோ, தோல் கிழிந்து தொங்கியது. அதை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் துருவேறி நட்டோடு நட்டாக இறுகியிருந்தன. அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் மாமா அதன்மேல்தான் குனிந்திருந்தார். கொக்கிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்தார். கன்றுத்தோல் ஒன்றை எங்கோ தேடிப் பிடித்து வாங்கி, தண்ணீரில் நனைத்து, துணிபோல் துவண்டதும் சட்டத்தின்மேல் விரித்து வளையத்தை இறக்கினார்.

"ஈரத்துல இறுக்கக் கூடாது மாப்ள. காயக் காய அதுவா இறுகும். அவசரப்பட்டா கிழிஞ்சிரும்."

அது காய்ந்துகொண்டிருந்த நாளில்தான் ஒல்லி வந்தான். மாமாவின் ஜோடி ஆள் அவன். பழைய கட்டடங்களில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று ஒல்லி வேலை பார்ப்பான். உச்சியில் மோட்டார் அறையிலிருந்து மாமா பெட்டியை ஏற்றி இறக்குவார். இருவருக்கும் நடுவில் இருட்டும் கம்பிக்கயிறும்தான். "ஏத்து," "நிறுத்து" என்று இவன் கத்த வேண்டும், அவர் கேட்க வேண்டும். ஒல்லியின் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னப்பா இது?" என்றாள் அக்கா.

"அண்ணனைக் கேளுங்கக்கா. நிறுத்துங்கன்னு கத்துறேன், பெட்டி பாட்டுக்கு மேல போகுது. உச்சிச் சுவரு தலைக்கு நேரா வருது. நான் அப்படியே குந்திட்டேன், முழங்கை சுவத்துல உரசிருச்சு. ரெண்டாவது தடவை கத்துனப்பதான் நின்னுச்சு. இந்த வாணலியை நெனச்சுக்கிட்டு நின்னுட்டாரு போல."

அவன் சிரித்தான். மாமாவும் சிரித்தார், ஆனால் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் கழித்து. அந்த ஒரு கணம் ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தோல் காய்ந்திருந்தது. புதுத் தந்திகள் பூட்டி, அவற்றைத் தாங்கும் மரக்கட்டையை நிறுத்தினார். கொக்கிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிவிட்டுத் தந்தியைச் சுண்டினார்.

கணீரென்று எழுந்தது சத்தம். கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் அடித்தமாதிரி காதைக் குத்தியது. கடைக்காரன் பொய் சொல்லவில்லை.

"சூப்பர் மாமா!"

"எங்கடா சூப்பர்? மந்தமா இருக்கு. துணியைச் சுத்தி வெச்ச மாதிரி."

மறுபடி முறுக்கினார். சத்தம் இன்னும் கூர்மையானது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ம்ஹூம். எழும்பவே மாட்டேங்குது."

அக்கா அடுப்படியிலிருந்து என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, வாசல் பெல் அடிச்சா இப்பெல்லாம் நான்தான் எழுந்து போறேன். சோம்பல்னு நெனச்சேன். அவருக்குக் கேக்கலயோடா?"

"சும்மா இருக்கா. பாம்புக்காதுக்கா?"

சொல்லிவிட்டேனே தவிர, சோதித்துப் பார்க்கத்தான் கூடத்துக்குத் திரும்பினேன். மாமா எனக்கு முதுகு காட்டிக் கருவிப்பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேஜைமேல் கிடந்த கருவியின் கடைசித் தந்தியை, மிக மெல்லிய அதை, சுண்டினேன். அறை முழுக்க ஒலித்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன். அவர் கழுத்து அசையவில்லை. தந்தியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவர்களுக்கு, ஒல்லிக்கு அடிபட்ட அதே பழைய கட்டடத்தில் கம்பிக்கயிறு மாற்றும் வேலை. ஒல்லி கூரைமேல் நிற்பான். அவனுக்குத் தவழும் வயதில் ஒரு குழந்தை.

மாமா கொக்கி முறுக்கும் சாவியோடு வந்து மறுபடி முறுக்கத் தொடங்கினார். தோல் கண்ணாடிபோல் விறைத்து, கொக்கிகள் சட்டத்தைக் கடித்துக்கொண்டிருந்தன.

"மாமா, போதும்."

முறுக்கினார்.

"மாமா!"

துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். தோல் குறுக்காகப் பிளந்து கிடந்தது. மாமா சாவியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லாக் கேட்டுச்சு," என்றார்.

சாவியைக் கீழே வைத்துவிட்டு, அவரே மெதுவாக ஆரம்பித்தார். "மோட்டார் ரூம்ல இப்பெல்லாம் கண்ணை மூடி நிக்கிறது சும்மா நடிப்பு மாப்ள. கையை வெச்சு, அதிர்றதைப் பாத்துத்தான் சொல்றேன். மனுசன் கத்துறதுக்கு எங்க போய்க் கையை வெக்க? கடைக்காரன் அவ்வளவு சத்தம்னானா, சரி, இதுவே கேக்கலன்னா தெரிஞ்சிரும்னு வாங்கிட்டேன். தெரிஞ்சதும் தோல்மேல பழியப் போட்டேன்."

"சொல்லிட்டா வேலை?" என்றாள் அக்கா.

அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார். "சொல்லலன்னா ஒல்லி."

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். விரல் இரண்டு முறை தப்பியது. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல், பிளந்த தோலுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னணியில் குழந்தை ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது.

"டேய், நாளைக்கு நீ மேல ஏறாதே. எனக்குக் காது போயிருச்சு. காலைல ஆபீஸ்ல சொல்லிடுறேன். வேற ஆளு வர்ற வரைக்கும் ஏறாதே, கேட்டியா?"

மனைவிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், தாழ்ந்த குரலில் ஒல்லி பேசினான்.

மாமா குனிந்து போனருகே காதை வைத்தார். நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள சொல்றான்? சத்தமாச் சொல்லு."

எத்தனையோ காகிதங்களை அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. அவர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பயந்த கண்களை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. வேறு வழியில்லை. ஒல்லி கிசுகிசுத்ததை, தெருவுக்கே கேட்கும்படி நான் கத்தினேன்.

"அவனுக்கு முன்னாடியே தெரியுமாம் மாமா! உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, தினமும் பயந்துக்கிட்டேதான் மேல ஏறினானாம்!"