கயிற்றை விட்ட வளைவு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நானும் என் கணவர் யாசுஃபுமியும் டோக்கியோவிலிருந்து இரண்டு நாள் ஓய்வுக்கு ஓர் எரிமலைத் தீவுக்குப் போனோம். மலை கக்கும் கந்தகப் புகை ஆஸ்துமாக்காரர்களைக் கொன்றுவிடும் என்று அவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். கப்பலில் கேட்டபோது கூசாமல் "இல்லை" என்றுவிட்டார்.

"பாக்கெட்ல இன்ஹேலர் இருக்குல்ல? சும்மா தொணதொணக்காதடி!"

விடுதிக்கார ஓக்கியாமா அக்கா ஆளுக்கொரு நச்சுப்புகை முகமூடி கொடுத்தார். எனக்கு ஆறாம் நம்பர், அவருக்கு ஏழு.

"சைரன் அடிச்சா இதை மாட்டிக்கிட்டு, ரோட்டோரக் கயித்தப் பிடிச்சு மேல விடுதிக்கு வந்துடுங்க. கட்டின புருஷனா இருந்தாலும் கையப் பிடிக்காதீங்க."

"ஏன்க்கா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

மறுநாள் மதியம் 2.40. எரிமலை ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கடற்கரையில் உரித்துக்கொண்டிருந்தோம். சைரன் அலறியது...

முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினோம். புகை இறங்கிவிட்டது. முன்னால் நான், பின்னால் அவர். கயிற்றைப் பிடித்து ஏறும்போதே கேட்டது அந்த விசில் சத்தம். வீசிங்! எனக்கு உயிரே போய்விட்டது.

வளைவில் சத்தம் நின்றது.

"என்னங்க?"

கயிற்றை விட்டுவிட்டுப் புகைக்குள் துழாவினேன்.

ஒரு கை என் கையைப் பிடித்தது.

சூடான கை... கிழங்கு உரித்த சூடு என்று நினைத்துக்கொண்டேன். இழுத்துக்கொண்டு ஏறினேன்.

அவர் மூச்சு கேட்கவே இல்லை...

மேலே முகமூடியைக் கழற்றினார். அவரேதான்! கட்டிக்கொண்டு அழுதேன்.

"மூச்சு வாங்கலையா?"

"இல்லையே."

அக்கா எங்கள் கைகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எதுக்கும்மா கயித்த விட்டீங்க?" என்றார். இரண்டு முகமூடிகளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதமாக இவருக்கு வீசிங்கே இல்லை. "இந்த நெஞ்சுக்கு ஆஸ்துமா வந்ததே கிடையாது" என்கிறார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் பயமாக இருக்கிறது.

நேற்றுக் காலை அக்கா போன் செய்தார்.

"வளைவுக்குக் கீழ புதர் வெட்டினாங்க. ஒரு முகமூடி கிடைச்சிருக்கு. ஏழாம் நம்பர். பக்கத்துலயே இன்ஹேலர். உங்க வீட்டுக்காரர் பேரு ஒட்டியிருக்கு. சுத்தமா காலி."

"ஏழாம் நம்பரை அன்னைக்கே குடுத்துட்டோமேக்கா?"

"ஆமா. அதுவும் எங்கிட்டதான் இருக்கு."

அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா?"

பின்னாலிருந்து ஒரு கை என் கையைப் பிடித்தது.

"போன்ல யாருடி?"

அதே சூடு...