கடைவாய்ப் பல்லில் கிடைத்த கல்

குடும்பத் தலைவி என்கிற எங்கள் உத்யோகத்தில் அரைக்க, துவைக்க, பெருக்க எல்லாவற்றுக்கும் மிஷின் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சாதிக்கிற புருஷனை டாக்டர் வாசல்வரை நகர்த்துவதற்கு மட்டும் எவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். என் வீட்டில் இருப்பவர் பெயர் சங்கரன். கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் மிளகு தரம் பார்க்கிறவர். அவருடைய அப்பா ஐம்பத்தெட்டு வயதில் சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தவர்தான், எழுந்திருக்கவில்லை. இவருக்கு இப்போது ஐம்பத்தேழு. "ஒரு தடவை ஹார்ட்டைக் காட்டிட்டு வந்துடலாம்" என்று நான் அஞ்சு வருஷமாகச் சொல்கிறேன். அவரும் அஞ்சு வருஷமாகப் பேப்பரைப் புரட்டுகிறார். என் வாயால் ஆகாத காரியம் கடைசியில் அவர் வாயாலேயே ஆனது. கேளுங்கள்!

அரிசிமேல் பழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்கைக் கடித்தார், கத்தினார். இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல். இரண்டு நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்தார். மூன்றாம் நாள் கன்னம் வீங்கவும், தெருமுனை பல் க்ளினிக்குக்குத் தானே செருப்பைத் தேடினார். எனக்கு ஆச்சரியத்தில் கதவைப் பூட்ட மறந்துபோயிற்று.

டாக்டர், எங்கள் மகள் வயதில் ஒரு மலையாளிப் பெண். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பல்லுக்கு நட்டநடுவில், கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு பொட்டு. "சொத்தை இருக்கு, அதுதான் வலி. அது போக, பல்லுக்குள்ள ஒரு கல்லும் இருக்கு" என்றார். நாள் முழுக்க மிளகில் கல் பொறுக்கிக் கழிக்கிற மனுஷர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பாருங்கள், ஒரு பார்வை. முப்பது வருஷமாக மூன்று தடவை களைந்து உலை வைக்கிற என்னை! பிறகு டாக்டரிடம் சொன்னார்: "இவ அரிசியைப் பார்த்துப் போடுறதே இல்ல, டாக்டர். நான் சொன்னா கேக்கமாட்டா."

பல்ப் எரிந்தது

டாக்டர் சிரித்துவிட்டார். அது வெளியிலிருந்து வந்த கல் இல்லையாம். பல்லின் நடுவே பல்ப் என்று மிருதுவான ஒரு பகுதி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடம். அங்கே சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு கல்லாகிவிடுமாம். எனக்குத் தலைக்குள் மணி அடித்தது! கான்வென்ட்டில் சயன்ஸ் சிஸ்டர் கரும்பலகையில் பல் படம் போட்டு, எனாமல், டென்டின், பல்ப் என்று அம்புக்குறி போட்டது அப்படியே கண் முன்னால் வந்தது. "இதே மாதிரி ரத்தக் குழாயிலும் படியுமே, டாக்டர்?" என்று முந்திக்கொண்டேன். "படியும். இதயக் குழாய்ல கோளாறு இருக்கிறவங்களுக்குப் பல்லுக்குள்ள கல் அதிகமா இருக்குன்னு சிலர் ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க. இல்லவே இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நல்லா இருக்கிற எத்தனையோ பேருக்கும் இது உண்டு. பயப்படவேண்டாம்" என்றார். ஆனால் உடனே கேட்டார்: "பிரஷர் பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

"எனக்குப் பிரஷரெல்லாம் இல்ல. அது இவ நாக்குக்குத்தான்" என்றார் நம்மாள். டாக்டர் மரத்துப்போகிற ஊசி போடுமுன் கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்தார். பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். இரண்டு தடவையும் பிரஷர் எகிறித்தான் இருந்தது. இவருடைய அப்பா கதையை நான் அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்திருந்தேன். ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, வீக்கத்துக்கு மாத்திரை எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பல்லு எங்கயும் ஓடிப் போகாது, சேச்சி. முதல்ல ஆளை ஹார்ட் டாக்டர்கிட்ட கொண்டு போங்க."

வாழைத்தண்டு வைத்தியம்

வீடு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் பாலக்காட்டிலிருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டது. ஹார்ட் என்ற வார்த்தையைச் சௌகரியமாக விழுங்கிவிட்டு, "கல்லாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என் நாத்தனாருக்குக் கல் என்றால் ஒரே கல்தான், சிறுநீரகக் கல். வாழைத்தண்டுச் சாறு, வெறும் வயிறு, ஏழு நாள் என்று உத்தரவு வந்தது.

மறுநாள் காலையில் அடுக்களையில் என் வாழைத்தண்டு, என் மிக்ஸி, என் வடிகட்டி. பச்சையாக ஒரு டம்ளர் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றார். சாற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சொன்ன வைத்தியத்தில் ஒரு ஓட்டை இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போல. மெதுவாகக் கேட்டார்: "இதைக் குடிக்கணுமா, கொப்பளிக்கணுமா?"

குத்தூசி

சாற்றுக்குப் பிறகும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிடங்குக்குக் கிளம்பிவிடுகிறார். நாலாம் நாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானே கிடங்குக்குப் போனேன். அவரோடு இருபது வருஷமாக வேலை செய்கிற ஹம்ஸா இக்கா வாசலில் நின்றார். "பல்லு வலிக்கு ஹார்ட் டாக்டராமே, சேச்சி! அண்ணாச்சி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றார். நான் சிரிக்கவில்லை. பல் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். இக்காவின் முகம் மாறியது. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ரெண்டு மாசமாக அவர் மச்சுக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார் என்றார். கேட்டால், "மிளகு நெடி நெஞ்சை அடைக்குது. வீட்ல சொல்லாதே" என்பாராம். முப்பது வருஷமாக மிளகு வாசனையிலேயே தூங்கி எழுந்தவருக்குத் திடீரென்று நெடி! எனக்குக் கையிலிருந்த தூக்கு கனத்தது.

உள்ளே போனோம். அவர் ஒரு சாக்கில் குத்தூசியைச் செருகி, அது வழியாக வந்து விழுந்த மிளகை உள்ளங்கையில் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கு நல்லதா கெட்டதா என்று அந்த ஒரு கைப்பிடியை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். "அந்தக் கல்லுக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் உண்டுன்னு அந்தப் பொண்ணே உறுதியாச் சொல்லலியே" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். நான் பதில் சொல்லுமுன் இக்கா அவர் கையிலிருந்த மிளகைச் சுட்டிக் காட்டினார். "ஒரு கைப்பிடியில ஒரு கல்லு கிடைச்சா, சாக்கைப் பிரிச்சுப் பார்க்காம நீங்க பாஸ் பண்ணுவீங்களா, அண்ணாச்சி?"

இரண்டாவது கல்

குத்தூசியைச் சாக்கிலேயே விட்டுவிட்டு வந்தார். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி. இ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை, மறுநாள் ஆஞ்சியோகிராம். முக்கியமான குழாய் ஒன்றில் அடைப்பு, அதுவும் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி. "மேலே ஒரு கல், கீழே ஒரு கல்! நான் சொல்லலை?" என்று டாக்டரிடமே குதித்தேன். அவர் பொறுமைசாலி. "ரெண்டையும் நேரா முடிச்சுப் போடாதீங்கம்மா. பிரஷர், அப்பா போன விதம், படியில உட்கார்ந்தது, இது ஒவ்வொண்ணுமே இங்க வர்றதுக்குப் போதும். பல்லு உங்களை வாசல்வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானாம்! அஞ்சு வருஷம் நான் இழுத்தும் வராத வாசல் அது.

ஸ்டென்ட் வைத்து வார்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தேன். வலப்பக்கமாகவே நிதானமாக மென்றார். விழுங்கினார். ஜன்னலைப் பார்த்தார், சொட்டு மருந்துப் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கு டாக்டர்கிட்ட சொன்னேனே... உன் அரிசியில கல்லு இல்லடி."

முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ், அதுவும் ஒரு சொத்தைப் பல்லின் சிபாரிசில்.