காலிப் பொறி

பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் விளக்கடியில் நிற்க, இந்தப் பெண்மணி மட்டும் இருட்டான மூலையில் ஒதுங்கி நின்று சட்டைக் கையை உதறிக்கொண்டிருக்கிறார். அப்படியும் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று விளக்கை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டையே சுற்றுகிறது.

பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையை ஆய்வுக்கூடத்தில் கலந்து, சின்ன ரப்பர் மூடிகளில் ஏற்றுவது அவர் வேலை. பசை தடவிய பொறிக்குள் அந்த மூடியை வைத்தால் ஆண் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஒட்டியிருக்கின்றன என்று பார்த்துத்தான் தோட்டக்காரர்கள் மருந்தடிப்பார்கள். மனித மூக்குக்கு அந்த வாசனை எட்டாது. எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டும் போகாது. வீட்டுக் கதவைத் திறக்கும்போதே கணவர், "உன் மாப்பிள்ளைங்க வந்துட்டாங்க" என்பார். "பாவம், ஏமாந்து வந்தவங்க. உங்கள மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இவர் செருப்பைக் கழற்றுவார்.

மலைக்கு அந்தப் பக்கம் அக்காவின் பழத்தோட்டம். அங்கே பல வருடங்களாகத் தொங்குவது இவர் கலந்த மூடிகள்தான். இந்த வருடம் பூ விட்ட சமயத்தில் போனவர், மாலை முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பூச்சிகூட அண்டவில்லை. "இங்கதான்க்கா நிம்மதியா உக்கார முடியுது" என்று காலை நீட்டிக்கொண்டார். பொறிகளும் காலி. அக்கா மருந்தடிக்காமல் விட்டுவிட்டார்.

அறுவடையில் பாதிப் பழத்துக்குள் புழு. நறுக்கிய பழத்தைத் தட்டில் வைத்து நீட்டிய அக்கா குரலை உயர்த்தவில்லை. "உன் பொறிய நம்பித்தானேடி சும்மா இருந்தேன்? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மரத்தையெல்லாம் வெட்டிடலாங்கறாரு உங்க மாமா."

இவர் அந்தப் புழுக்களையே டப்பாவில் எடுத்துப்போய் வளர்த்தார். அவற்றிலிருந்து வந்த பெண் பூச்சிகளை வலைக்கூண்டில் அடைத்து அக்கா தோட்டத்துப் பொறி ஒன்றில் வைத்தார். பக்கத்துப் பொறியில் தன் மூடி. விடிந்து பார்த்தால் கூண்டு வைத்த பொறியில் இடமே இல்லை. மூடி வைத்ததில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் பூச்சிகளின் வாசனையை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தார். முன்பு அதில் பேருக்கு மட்டும் இருந்த ஒரு வேதிப்பொருள், அந்தப் பக்கத்துப் பூச்சிகளிடம் இப்போது பாதிக்குப் பாதி ஏறியிருந்தது.

"நம்ம பேச்சு மாதிரிதான். மலையத் தாண்டினா மாறும், காலம் போனாலும் மாறும்" என்று உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்த அன்றைக்கே, சட்டைக் கைக்கு ஒன்றும் வராததைக் கவனித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அளவை மாற்றிக் கலந்த புது மூடியோடு அடுத்த பருவத்தில் போனார். எப்போதும் மூடியைத் தொட்டதும் கையைக் கழுவிவிடுபவர், அன்று கழுவவில்லை. வெயில் இறங்கியது. அக்கா கைகட்டிப் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இலைகளுக்குள்ளிருந்து தள்ளாடி வந்த ஒரு பூச்சி, இவர் மணிக்கட்டில் உட்கார்ந்து சிறகடித்தது.

அதை அடிக்க அக்கா கையை ஓங்கினார். இவர் மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.