என் தங்கை சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்

என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். நான் தையற்காரன், எட்டாவது வரை படித்தவன். அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய சீருடையை நான்தான் வெட்டித் தைக்கிறேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுண்ணா. ஆனா ஒண்ணையும் மறைக்காதே. என்னை நல்லவளா மட்டும் காட்டினே, கிழிச்சுக் குப்பையில போட்டுருவேன்" என்றாள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய இடுப்பளவு ஐம்பத்தாறு அங்குலம். பணிமனையில் அவளுக்கு வைத்த பெயர் ரோடு ரோலர். அவள் கோபப்பட மாட்டாள். "ரோலர் வந்தாத்தாண்டா ரோடு நேராகும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பாள். ஒவ்வொரு நடை முடிவிலும் ஏதாவது தின்றாக வேண்டும். சந்தோஷம் வந்தாலும் தின்பாள், திட்டு வாங்கினாலும் தின்பாள்.

வருடாந்திரப் பரிசோதனையில் மருத்துவர் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். ஸ்டியரிங் வயிற்றில் இடித்தது. இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. "ஆறு மாசம் டைம் தர்றேன். எடை குறையலைன்னா டிக்கெட் கவுண்டர்தான்" என்று சொல்லிவிட்டார். அவளுக்குக் கணவன், குழந்தை கிடையாது. எங்கள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறாள். அவளுக்கு இருப்பது அந்தப் பேருந்து ஒன்றுதான். மறு வாரமே அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றி இணைக்கிற சிகிச்சை அது. கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் ஒன்பது பக்கம். எல்லாப் பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் மதுவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவள் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அதனால் அந்தப் பத்தியை மட்டும் தாண்டிவிட்டேன்.

எடை மளமளவென்று இறங்கியது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை நிற்க வைத்து அளவெடுத்து நோட்டில் குறிப்பேன். ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பத்தொன்று. ஒன்றரை வருடத்தில் முப்பத்தாறு. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தொழிலில் உள்தையலில் இரண்டு அங்குலத் துணியாவது விட்டுவைப்போம், உடம்பு மறுபடி போட்டால் பிரித்துக் கொடுக்க வேண்டுமே. என் தங்கை சட்டைக்கு அதை விடவில்லை. இனி எதற்கு என்று மிச்சத் துணியைக் கத்தரித்து எறிந்தேன். அந்தக் கத்தரிக்கோல் சத்தம் எனக்கு மேளச்சத்தம் போலக் கேட்டது.

அதற்குப் பிறகும் அளவு இறங்கியது. முப்பத்தைந்து, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டினேன். அளவெடுக்கும்போது அவள் கை லேசாக நடுங்கியது. "பசியா பாப்பா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா" என்றாள். வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய் வாசனை. டேப்பைப் பார்த்த அளவுக்கு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

என் மனைவிக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. "உங்க தங்கச்சி சாப்பிடறதே இல்லைங்க" என்று இரண்டு முறை சொன்னாள். "ஒல்லியானவங்களைப் பாத்தா உனக்குப் பொறாமை" என்று நான் சிரித்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலை ஆறே முக்காலுக்குக் கடை திறந்தேன். அவள் சீருடையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் முதல் நடையில் இருக்க வேண்டும்.

"என்ன பாப்பா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்."

அவர்கள் பணிமனையில் சாவி வாங்கிய பிறகு வாசலில் ஒரு கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். அவளுக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவள் வரிசையை விட்டு விலகி, சாவியைக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

சொல்லி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பணி ஓய்வு விருந்தில் அரை டம்ளர் ஒயின் குடித்ததில் ஆரம்பித்ததாம். ஐந்தே நிமிடத்தில் உலகமே லேசாகிவிட்டதாம். பிறகு விடுமுறை நாளில் மட்டும், பிறகு வேலை முடிந்த மாலைகளில், பிறகு சாப்பாட்டுக்குப் பதிலாக. காலைக்குள் தெளிந்துவிடும்படி மணிக் கணக்குப் போட்டே குடித்திருக்கிறாள். முந்தின நாள் கணக்குத் தவறிவிட்டது.

நான் சொன்ன புத்திமதியை எழுத வெட்கமாக இருக்கிறது. "யாருக்கும் தெரியாதில்ல? வயித்துவலின்னு லீவு எழுதிக் குடு. நாளையிலிருந்து விட்டுரு" என்றேன்.

"நேத்தும் அப்படித்தான் நினைச்சேன், முந்தாநாளும் அப்படித்தான். என் முதுகுக்குப் பின்னாடி நாப்பது பேர் கண்ணை மூடித் தூங்கிட்டு வர்றாங்கண்ணா. என்னை நம்பித்தானே தூங்கறாங்க?"

பணிமனை விதி இதுதான். கருவியில் மாட்டினால் வேலை போகும். தானாக வந்து சொன்னால் ஒரு வருடம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பேருந்து கழுவும் வேலை. தினமும் காலையில் ஊத வேண்டும். ஒரு நாள் காட்டினாலும் வேலை இல்லை. எட்டு மணிக்குப் போய் மேலாளரிடம் அவளே சொல்லிவிட்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். உணவு ஆலோசகர் என் நோட்டைப் புரட்டினார். "ஒன்றரை வருஷத்துல எடை நிலைச்சிருக்கணும். இதுக்கு மேல இறங்கினா விசாரிக்கணும். நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். "பாராட்டினேம்மா" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மது இரத்தத்தில் வேகமாக ஏறும், சிலருக்கு இப்படிப் புதுப்பழக்கம் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். சாப்பாடு தந்த ஆறுதலை மனசு வேறெங்காவது தேடுமாம்.

"புரியுது மேடம். சாப்பாடு எந்திரிச்சுப் போச்சு, சீட்டு காலியா இருந்துச்சு, அடுத்த ஆளு ஏறி உக்காந்துட்டான்" என்றாள் என் தங்கை. அந்த அம்மாள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் பத்து நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். பிறகு கழுவும் கொட்டகை. "ரோலர் இப்ப வாட்டர் லாரி ஆயிடுச்சுடோய்" என்று ஒருவன் கத்தினான். "உன் வண்டிதாண்டா அடுத்தது. ஜன்னலை மூடாம வா, உன்னையும் சேத்துக் குளிப்பாட்டறேன்" என்றாள்.

அவளுக்குக் கஷ்டமான நேரம் மாலை நாலு முதல் ஆறு. அந்த நேரத்தில் கடைக்கு வரச்சொல்லிப் பொத்தான் தைக்கக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அதுவும் வெறியாகிவிட்டது. ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு பொத்தான் தைத்தாள். சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மருத்துவமனையில் நடக்கும் வாராந்திரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அந்த உணவு ஆலோசகர், "அடுத்த ஆள் ஏறிட்டாரா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து மூன்று சட்டைதான், அதன் பிறகு தெருவில் காலாற நடப்பது என்று வரம்பு வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் ஒரு நாள், மூடி திறக்காத பாட்டிலோடு எங்கள் சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, கால் தானா கடைக்குள்ள போயிடுச்சு. இதை நீங்க கொட்டுங்க. நான் கொட்டினா வாசனை பிடிச்சிடுவேன்."

என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுதொட்டியில் ஊற்றினாள். "இந்த நாத்தத்துக்காடி இவ்ளோ பாடு?" என்றாள். தங்கை வெளியே படியில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். பிறகு இரண்டு முட்டையும் ரொட்டியும் கேட்டாள். என் மனைவி அவ்வளவு வேகமாக அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

இடுப்பு முப்பத்தேழுக்கு வந்தது. பிரித்துக் கொடுக்கச் சட்டையில் துணி இல்லை. புதிதாக நாலு சட்டை தைத்தேன், இந்த முறை தாராளமாகத் துணி விட்டு.

முந்நூற்று அறுபத்தைந்து காலைகள் அவள் ஊதினாள். ஒரு நாளும் கருவி எதையும் காட்டவில்லை. பிறகு மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "மறுபடி தொடமாட்டேன்னு எழுதித் தர முடியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"அது முடியாது சார். தொட்டேன்னா சாவியைத் தொடமாட்டேன். அதை வேணா எழுதித் தர்றேன். ஒரு தடவை செஞ்சும் காட்டியிருக்கேன்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை அவள் பக்கம் தள்ளினாராம்.

மறுநாள் முதல் நடையில் நானும் ஏறினேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கண்ணாடிகளைச் சரிசெய்தாள், பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தாள், வண்டியை எடுத்தாள். நாலாவது நிறுத்தத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கைப்பையோடு ஏறினார். அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"அடடே, நீயாம்மா! ஒரு வருஷமா ஆளையே காணோமே, எங்க போயிருந்தே?"

வேறு வழித்தடம் என்று அவள் சொல்லியிருக்கலாம், உடம்பு சரியில்லை என்றும் சொல்லியிருக்கலாம். பேருந்து முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"குடிச்சிட்டிருந்தேன் ஐயா. நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்றாள் என் தங்கை. "உள்ள வந்து உக்காருங்க, கதவை மூடணும்."

பெரியவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த திருப்பத்துக்குள் குறட்டை வந்துவிட்டது.